பயிரிடுபவர் பெயர்

‘யூசர் எரர்’, அதாவது தப்பு பயன்படுத்துகிறவருடையது என்ற வார்த்தையை முதன்முதலில் சொன்னவன் யாரென்று தெரிந்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். இருபத்தேழு வருடம் கம்ப்யூட்டருக்குக் கோடு எழுதியிருக்கிறேன். அந்த வார்த்தையை நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் படித்தால் போதும்.

என் பெயர் ஸ்டெல்லா. சொந்த ஊர் உத்திரமேரூர் பக்கத்தில் பெருநகர் என்கிற கிராமம். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள். நான் படித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, நாலைந்து கம்பெனி மாறினேன். கடைசி நான்கு வருடம் உத்திரமேரூரில் வீடு எடுத்து, வீட்டிலிருந்தே வேலை செய்தேன். இந்தச் சம்பவம் அந்தக் கடைசி வருடத்தில் நடந்தது.

1. திங்கட்கிழமை காலை

காலை ஒன்பதரைக்கு டீம் கால். அதற்குள் நாஷ்டாவை முடித்துவிடலாம் என்று தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். வாசலில் கன்னியம்மாவின் குரல். ஐந்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். பெருநகரில் தொண்ணூறு சென்ட் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறாள். பஸ் பிடித்து வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இன்னாடி ஆப்பு இது? பயிரு வெக்கிறவங்க பேரு கேட்டுச்சி, எம் பேரு போட்டேன். மூணு வாட்டி ஓடிபி கேட்டுச்சி. ஓடிபி வாத்தியாரு போனுக்குப் போவுதாம். அவரு சொன்னாத்தான நான் போட முடியும்? இப்ப இன்னாடான்னா லாக்கு ஆயிடுச்சின்னு சொல்லுது.”

வாத்தியார் என்று அவள் சொன்னது நிலத்துக்காரரை. ரிட்டயர்டு பள்ளிக்கூட ஆசிரியர், உத்திரமேரூரிலேயே இருக்கிறார்.

“நெல்லு எங்க இருக்கு?” என்றேன்.

“களத்துலதான் கீது. சொர்ணவாரிப் பட்டத்து நெல்லு, அறுத்து நாலு நாளாச்சி. முப்பது மூட்ட தேறும். இருக்கிறது ஒரே ஒரு தார்ப்பாயி. டோக்கன் இல்லாம சென்டர்ல கிட்டவே சேக்க மாட்டேன்றான். சாயந்தரமானா தெனம் மேகம் கட்டிக்கினு வருது. வயித்துல நெருப்பக் கட்டிக்கினு கீறேன் ஸ்டெல்லா.”

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை எடை போட வேண்டுமென்றால் ஆப்பில் டோக்கன் வாங்க வேண்டும். எந்தத் தேதியில் வரவேண்டும் என்பது டோக்கனில் இருக்கும். அந்த ஆப்பைச் செய்தது எங்கள் கம்பெனி. அதில் டோக்கன் பகுதி முழுக்க என் கை வேலை. கன்னியம்மாவுக்கு அது தெரியாது. நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறேன், கேட்டால் தெரியும் என்று வந்திருக்கிறாள்.

லேப்டாப்பைத் திறந்து அவள் சொன்ன சர்வே நம்பரைப் போட்டேன். மூன்று முயற்சி, மூன்றும் தோல்வி, பதினைந்து நாள் முடக்கம். பக்கத்தில் காரணம்: யூசர் எரர்.

தோசை கருகிவிட்டது. இருவரும் சாப்பிடவில்லை.

2. ஓரத்தில் இருப்பவர்கள்

இதற்கு எட்டு மாதம் முன்னால் நடந்த மீட்டிங்கைச் சொல்ல வேண்டும். எங்கள் டெலிவரி ஹெட் சுதர்சன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நிலத்தின் சர்வே நம்பரைப் போட்டால் நிலத்துக்காரர் மொபைலுக்கு ஓடிபி போகும், அதைப் போட்டால் டோக்கன் வரும் என்று ஸ்க்ரீனில் படம் போட்டுக் காட்டினார்.

“பட்டா ஒருத்தர் பேர்ல இருக்கும், பயிர் வெக்கிறது இன்னொருத்தரா இருக்கும் சுதர்சன். எங்க பக்கம் பாதிக் கழனி அப்படித்தான்” என்றேன்.

“மேடம், அது எட்ஜ் கேஸ். ஃபேஸ் டூல பாத்துக்கலாம்.”

எட்ஜ் கேஸ்! எப்போதாவது ஒருமுறை ஓரத்தில் நடப்பது என்று அர்த்தம். எங்கள் அப்பா வாழ்நாள் முழுக்க எட்ஜ் கேஸ். கன்னியம்மா எட்ஜ் கேஸ். நாற்று விடுகிறவர், அறுக்கிறவர், காயவைக்கிறவர் எல்லாம் ஓரம். காகிதம் வைத்திருப்பவர் மட்டும் நடுவில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வாரம் விடாமல் சண்டை போட்டேன். கடைசியில் சுதர்சன், “சரி மேடம், உங்களுக்காக ஒரு ஃபீல்டு” என்று இறங்கி வந்தார்.

அந்தக் கட்டம்தான் ‘பயிரிடுபவர் பெயர்’. குத்தகைக்காரர் தன் பெயரையும் மொபைல் நம்பரையும் அதில் போடலாம். போட்டால் நிலத்துக்காரருக்கு ஓடிபியோடு ஒரு குறுஞ்செய்தி போகும். அந்த வாக்கியத்தை நானே உட்கார்ந்து எழுதினேன்: ‘உங்கள் நிலத்தில் இவரைப் பயிரிடுபவராகப் பதிவு செய்ய இந்த எண்ணைத் தெரிவிக்கவும்.’ எங்கள் சனங்களின் பெயர் முதன்முறையாக ஒரு சிஸ்டத்தில் ஏறப்போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. டெஸ்டிங்குக்கு நிலத்துக்காரராக என் ஒரு நம்பர், குத்தகைக்காரராக என் இன்னொரு நம்பர். இரண்டு போனும் என் மேஜையில். எல்லாம் பாஸ்.

3. வாத்தியார் வீட்டில்

கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். சிக்னல் இல்லாமல் ஓடிபி வராமல் போயிருக்கும், நெட்வொர்க் பிரச்சினை என்று வழியெல்லாம் அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.

வாத்தியார் மரியாதையாக நாற்காலி போட்டார். எனக்கு மட்டும். கன்னியம்மா படியருகே நின்றாள். நானும் உட்காரவில்லை.

“ஓடிபி வரலையா சார்?”

“வந்துச்சிம்மா. மூணு வாட்டியும் வந்துச்சி. நான்தான் சொல்லாம கம்முனு இருந்துட்டேன்.” போனைத் திறந்து என் வாக்கியத்தை என்னிடமே காட்டினார். “நீயே படிச்சிப் பாரு. பயிரிடுபவராகப் பதிவு செய்யன்னு போட்டுகீது. நானு ஓடிபி சொன்னா ஒத்துக்கினேன்னு ஆயிடும். நாளைக்கி இத எடுத்துக்கினு போயி, குத்தகப் பதிவு இருக்குது, நெலத்த உட்டுப் போவ மாட்டோம்னு கேஸு போட்டா? நானு கோர்ட்டு வாசல்ல நிக்கவா?”

“இருவத்தி ரெண்டு வருசமா பயிரு வெக்கிறேன். என்னிக்காச்சும் ஒரு துண்டுச் சீட்டு கேட்டுருக்கேனா ஐயா?” என்றாள் கன்னியம்மா.

“நீ கேக்க மாட்ட. உன் புள்ளைங்க கேக்கும்.” பிறகு என்னிடம், “எப்பவும் எம் பேருல டோக்கன் போட்டு நானே போயி நிப்பேன். மூட்ட எறக்கனதும் அவளுக்குச் சேர வேண்டியது சேந்துடும். ஒரு பேஜாரும் கெடையாது. இப்பவும் எம் பேருல போடு, வந்து நிக்கிறேன். இத எழுதனவன் எவனோ, கழனிப் பக்கமே வராதவன்.”

எழுதினவள் எதிரில் நிற்கிறேன்.

அங்கேயே அவர் பெயரில் டோக்கன் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. சர்வே நம்பரே முடங்கிவிட்டதே! அதுவும் என் கோடுதான். ஓடிபி காலாவதியானால் அதைத் தவறான முயற்சியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். ஒருவர் பதிலே சொல்லாமல் இருப்பார், வேண்டுமென்றே சொல்லாமல் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாத்தியார் மௌனமாக இருந்தார், தண்டனை கன்னியம்மாவுக்கு.

திரும்பி வரும்போது அவளிடம் உண்மையைச் சொன்னேன். நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

“நீயா செஞ்ச?”

“நான்தான்.”

“சரி. கட்டனவ நீதான. நீயே அவுத்து உடு.”

4. மழைக்கு எஸ்எல்ஏ கிடையாது

முடக்கத்தை நீக்க ஒரு வரி போதும். அதை எழுத ஒரு நிமிடம். ப்ரொடக்‌ஷன் சர்வர், அதாவது ஆப் நிஜமாக ஓடுகிற இடம், அதைத் தொடும் உரிமையும் என்னிடம் இருந்தது. ஆனால் அனுமதி இல்லாமல் தொட்டால் வேலை போகும். சுதர்சனைக் கூப்பிட்டேன்.

“மேடம், ப்ரொடக்‌ஷன்ல கை வெக்காதீங்க. போன மாசம்தான் ஆடிட் முடிஞ்சிருக்கு. டிக்கெட் போடுங்க. வெள்ளிக்கிழமை சேஞ்ச் போர்டு உக்காருது, அப்ரூவ் பண்ணிடலாம்.”

“தினம் மேகம் கட்டுது சுதர்சன். நெல் களத்துல கெடக்கு.”

“புரியுது மேடம். ஆனா மழைக்கெல்லாம் எஸ்எல்ஏ கெடையாது. ஒரு யூசருக்காக ப்ராசஸ ஒடைக்க முடியாது.”

எத்தனை மணி நேரத்தில் எதைச் சரிசெய்து தருவோம் என்ற ஒப்பந்தம்தான் எஸ்எல்ஏ. சர்வர் படுத்தால் நாலு மணி நேரம். பட்டன் நிறம் மாறினால்கூட இரண்டு நாள். களத்தில் கிடக்கும் நெல்லுக்கு ஒன்றுமில்லை.

போனை வைத்துவிட்டு, கன்னியம்மா முன்னால் புகாரைப் பதிந்து டிக்கெட் போட்டேன். “வெள்ளிக்கிழமை ஆயிடும்” என்றேன். அவள் வானத்தைப் பார்த்தாள். பஸ்ஸுக்குப் போனாள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சுதர்சனைத் திட்டுவது எனக்குச் சுலபம். செவ்வாய் முழுக்க அந்த ஒரு வரியை டைப் செய்து வைத்துக்கொண்டு, என்டர் தட்டாமல் உட்கார்ந்திருந்தவள் நான். பயம். ரிட்டயர்மென்டுக்கு எட்டு மாதம் இருக்கும்போது என்னத்துக்கு வம்பு என்ற பயம். தூ! இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

புதன்கிழமை நாலு மணிக்கு இடி இறங்கியது. இரண்டு மணி நேரம் விடாமல் கொட்டியது. கன்னியம்மாவும் அவள் வீட்டுக்காரரும் தார்ப்பாயின் நாலு முனையிலும் கல்லை வைத்து, மேலே உட்கார்ந்தே நனைந்திருக்கிறார்கள். மேலே வந்த மழையைத் தார்ப்பாய் தடுத்தது. களத்தில் ஓடிய தண்ணீர் அடியில் புகுந்தது. வியாழக்கிழமை கையை விட்டால் குவியல் சுட்டது. வெள்ளிக்கிழமை வெள்ளை வெள்ளையாக முளை.

அன்று மதியம் போர்டு அப்ரூவ் செய்தது. வாத்தியார் பெயரில் டோக்கன் வந்தது. கன்னியம்மா எனக்குப் போன் செய்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“டோக்கன் வந்துகீது ஸ்டெல்லா. சென்டர்ல மொளச்சத எடுக்க மாட்டானாம். மாட்டுக்குப் போடச் சொல்றான். டோக்கன இன்னா பண்ணட்டும்?”

5. மூன்று காரணங்கள்

டிக்கெட்டை மூட வேண்டுமென்றால் மூல காரணம் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். கீழே இழுத்தால் மூன்று தேர்வுகள்: யூசர் எரர், நெட்வொர்க், வெளி நிறுவனம். அவ்வளவுதான். எங்கள் தப்பு என்று சொல்ல இடமே இல்லை. எந்த மகானுபாவன் இப்படி எழுதினான் என்று கமிட் ஹிஸ்டரியைப் போய்ப் பார்த்தேன். என் பெயர் இருந்தது. எழுதினது நினைவில்கூட இல்லை.

நாலாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: ‘எங்கள் தவறு’. யாரையும் கேட்கவில்லை. பிறகு அதே மாதிரி ஓடிபி காலாவதியாகி முடங்கிப்போன எல்லா சர்வே நம்பரையும் எடுத்தேன். பட்டியல் ஒரு ஸ்க்ரீனில் அடங்கவில்லை. எல்லாவற்றுக்கும் எதிரே யூசர் எரர். அத்தனையையும் ஒரே வரியில் திறந்துவிட்டேன். என்டர் தட்ட ஒரு நொடிதான் ஆனது. செவ்வாய்க்கிழமையும் அதே ஒரு நொடிதான் ஆகியிருக்கும்.

சாயந்தரத்துக்குள் என் லாகின் பறிபோனது. திங்கட்கிழமை ராஜினாமா கடிதம் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். “எமோஷனல் ஆயிட்டீங்க மேடம்” என்றார் சுதர்சன். “ஆமாம், ரொம்ப லேட்டா ஆனேன்” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

நல்ல காரியம் செய்துவிட்டதாக ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன். ஒருநாள் காலை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கன்னியம்மாவைப் பார்த்தேன். கழுத்தில் ஐடி கார்டு. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை.

“கழனி?” என்றேன்.

“வாத்தியாரு வேற ஆளுக்கு உட்டுட்டாரு. அந்த மெசேஜு அவரு போன்லயே கீதாம். அதப் பாக்கறப்பெல்லாம் பயமா கீதாம் அவருக்கு.”

“அவன் மேல கேஸ் போடலாம்டி. நான் வக்கீலப் பாக்கறேன்...”

“ஐய, நிறுத்து. மொதல்ல நான் கேக்கறதுக்குப் பதிலு சொல்லு. எம் பேர அதுல போடச் சொல்லி உங்கிட்ட யாரு கேட்டா? நான் கேட்டனா?”

“இல்ல.”

“எனக்கு டோக்கன்தான வேணும்? அது அவரு பேருல வந்தா இன்னா, எவன் பேருல வந்தா இன்னா? பேரு வேணும்னா அத எப்ப கேக்கணும், எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியாதா? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செஞ்சிருந்தா இன்னாடி?”

செங்கல்பட்டு பஸ் வந்தது. கூட்டத்தில் முண்டியடித்து ஏறிவிட்டாள்.

சுதர்சன் அவளைக் கேட்கவில்லை, ஏனென்றால் அவருக்கு அவள் ஓரம். நான் கேட்கவில்லை, ஏனென்றால் நான் அதே ஊர்க்காரி, எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் என்னுடையதைத்தான் சொல்வேன். தெரியாதவனுக்குக் கேட்க வேண்டும் என்று என்றாவது ஒருநாள் தோன்றும். எனக்கு அதுவும் தோன்றவில்லை. இருபத்தேழு வருடத்தில் ஏழெட்டு மொழிகளில் கோடு எழுதப் பழகினேன். யார் கையில் இது போகப்போகிறதோ அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கப் பழகவில்லை. நீங்களாவது பழகுங்கள்.

உத்திரமேரூரிலிருந்து பெருநகருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். ஆப்பைச் செய்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட நான் ஏறவில்லை.