மேசையக்காவும் முப்பது சதவீதமும்

தோளைத்தான் முதலில் பார்ப்பாள், முகமெல்லாம் அப்புறம். கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டு முன்கூடத்துக்கு வரும்போதே, "நீலப்பைக்காரருக்கு எல் சைஸ். பக்கத்துல நிக்கிற அம்மா எம் கேப்பாங்க, எல்தான் சேரும்" என்று முணுமுணுத்தபடி அடுக்கிலிருந்து உருவி வைத்துவிடுவாள். வந்தவர் வாய் திறக்குமுன் டீ-ஷர்ட் அவர் நெஞ்சின் மேல் விரிந்திருக்கும். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். தப்பிப்போகிற அந்த ஒருவரிடம், "நீங்க மூச்ச இழுத்துப் புடிச்சிக்கிட்டு நின்னா நான் என்ன பண்றது" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிவிடுவார்.

எல்லோருக்கும் அவள் மேசையக்கா. தம்பி பாடுகிறான், அவனோடு நாலு பேர் வாசிக்கிறார்கள். ஊர் ஊராகப் போகிற அந்த ஐவருக்கு ஆறாவது ஆள் இவள். அரங்கத்துக்கு வெளியே மடக்கு மேசை போட்டு, குழுவின் படம் அச்சடித்த டீ-ஷர்ட், துணிப்பை, சிடி எல்லாம் விற்பவள். பதினோரு வருஷத்தில் தம்பியின் கச்சேரியை அவள் கேட்டதெல்லாம் சுவர் வழியாகத்தான். அதிலேயே கணக்குப் போட்டுவிடுவாள். நாலாவது பாட்டுக்குக் கைதட்டல் குறைந்தால், "இன்னிக்குப் பைதான் போகும், சட்டை போகாது" என்று பைகளை முன்னால் நகர்த்தி வைப்பாள்.

அச்சடிப்பதும் அவள்தான். குளியலறை வாசலில் இருக்கிற நாலடி இடத்தில் வலைத்துணி கட்டிய மரச்சட்டம் வைத்து, அதன் மேல் மை இழுத்து, வீடு முழுக்கக் கொடி கட்டிக் காயப்போடுவாள். இடுப்பு ஒடிந்து வேலையை விட்ட கணவர் சாப்பிட உட்கார்ந்தால், தலைக்கு மேல் மைத்துனனின் முகம் முப்பது வரிசையாக ஆடும். "உன் தம்பி மொறைக்காம ஒரு வாய் சோறு எறங்குதா" என்பார். "அவன் மொறைச்சாத்தான் அந்தச் சோறே" என்பாள் இவள். பேச்சுக்குச் சொன்னதில்லை. மேடைக்குக் கொடுக்கிற பணம் வண்டிக்கும் வாத்தியக்காரர்களுக்கும் சரியாகப் போய்விடும். இவள் வீட்டு வாடகை, கணவரின் மாத்திரை இரண்டும் மேசையிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

அதனால் பங்கு என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு மூக்கு விடைத்துவிடும். முன்பெல்லாம் நிகழ்ச்சிக்கு அழைக்கிறவர்கள் இரண்டு நாற்காலி கொடுப்பார்கள், அதோடு சரி. பிறகு விற்பனையில் பத்து சதவீதம் கேட்டார்கள். பத்து பதினைந்தாயிற்று. போன ஞாயிறு மதிய நிகழ்ச்சிக்கு அழைத்த மன்றத்தில் அது முப்பதாக வந்து நின்றது. அதுவும் துணிக்கும் மைக்கும் போனது போக மிஞ்சுவதில் இல்லை, விற்ற விலையில். தம்பி ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தான்.

"கடைசிப் பக்கம் வரைக்கும் யாருக்கா படிக்கிறா?"

"உன் பாட்ட மட்டும் கடைசி வரைக்கும் உக்காந்து கேக்கணுமாடா எல்லாரும்?"

மன்றத்தின் செயலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டுகிற மனிதர். கதவு திறக்குமுன் வந்து ஒவ்வொரு டீ-ஷர்ட்டாக எண்ணினார். நூற்று இருபது. வந்தது எத்தனை, முடிவில் மிச்சம் எத்தனை, நடுவில் குறைந்ததெல்லாம் விற்பனை. இதுதான் அவர்கள் முறை. எண்ணி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அக்கா ஆரம்பித்தாள்.

"இடைவேளைல டீ விக்கிறது உங்க மன்றம்தானே?"

"ஆமாம்மா."

"எங்க பசங்க தொண்டை கிழியக் கத்தறதாலதான் இந்தக் கூட்டம் வருது, டீயும் குடிக்குது. அதுல எங்களுக்கு எத்தனை சதவீதம்?"

டீ வேறு, இது வேறு என்றார் செயலாளர். எப்படி வேறு என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இடைவேளையில் மன்றத்தின் தலைவர் வந்தார். பெரிய தோள், பெரிய சிரிப்பு. ஞாபகார்த்தமாகக் குடும்பத்துக்கு ஐந்து டீ-ஷர்ட் வேண்டும் என்றார். கை சட்டைப்பைப் பக்கம் போகவே இல்லை. அடுத்த வருஷமும் அழைக்க வேண்டியவர் ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். அவருக்கு இரட்டை எக்ஸ்எல் என்பது பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஐந்து சட்டை என்றால் அரை நாள் மை இழுத்த தோள்வலி. போகட்டும், தெருநாய்க்குப் போட்டதாக நினைத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டாள்.

நிகழ்ச்சி முடிந்தது. செயலாளர் மறுபடி எண்ணினார். மிச்சம் எழுபத்தொன்று. ஆகவே விற்றது நாற்பத்தொன்பது என்றார்.

"நாப்பத்துநாலு. அஞ்சு உங்க தலைவர் எடுத்துக்கிட்டுப் போனாரு, காசு குடுக்கல."

"அது உங்களுக்கும் அவருக்கும் உள்ளதும்மா. இந்தத் தாள்ல ரெண்டு கட்டம்தான் இருக்கு. வந்தது, மிச்சம். இலவசத்துக்குக் கட்டம் கெடையாது."

கொள்ளை கொடுத்தவனிடமே கொள்ளைக்காரனுக்கு வண்டிக்கூலியும் கேட்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. சும்மா வாங்கிக்கொண்டு போன சட்டைக்கு, வாங்கியவர்களுக்கே இவள் முப்பது சதவீதம் கட்ட வேண்டும்.

வியர்வை சொட்டச் சொட்ட வெளியே வந்த தம்பி விஷயத்தைப் புரிந்துகொண்டு அவள் முழங்கையைப் பிடித்தான். "விடுக்கா. அஞ்சு சட்டைதானே. அடுத்த வருஷம் இவங்க கூப்பிடணும்ல."

"அடுத்த வருஷம் நாப்பது கேப்பாங்கடா. அப்பவும் இதையேதான் சொல்லுவ." கையை உதறிக்கொண்டு செயலாளரைப் பார்த்தாள். "மிச்சம்ங்கற கட்டத்துல இன்னும் எழுதலயே?"

"எழுபத்தொண்ணுன்னு எழுதப் போறேன்."

"பேனாவ மூடி வைங்க. வர்றேன்."

அரங்கத்துக்குள் பாதி விளக்குகள் அணைந்திருந்தன. முன்வரிசையில் தலைவர் குழுவினரோடு படம் எடுத்துக்கொள்ள உட்கார்ந்து காத்திருந்தார். புது டீ-ஷர்ட்டைப் போட்டிருந்தார், கச்சிதமாக இருந்தது. கழற்றிய சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது. பக்கத்து இருக்கையில் மற்ற டீ-ஷர்ட்டுகள் வைத்த பை. மேசையக்கா நேராக அந்தப் பையை எடுத்து, உள்ளே கைவிட்டு நாலு என்று எண்ணி, இடது கையில் மாட்டிக்கொண்டாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்த தலைவர், பிரமாதம் என்றபடி கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்க்கவில்லை.

"இலவசத்துக்கு உங்க தாள்ல எடமில்லயாம். அதனால அஞ்சையும் மிச்சத்துல சேக்கணும். கழட்டிக் குடுங்க."

படம் எடுக்கிறவர் கேமராவை இறக்கினார். தலைவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. பின்னால் தம்பி மெதுவாக "அக்கா" என்றான்.

அவள் நாற்காலி முதுகில் கிடந்த அவருடைய சட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பிறகு, ஒரு ஆம்பிளை உடை மாற்றும்போது நிற்க வேண்டிய முறைப்படி, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். வலது கையை மட்டும் பின்னால் நீட்டினாள், உள்ளங்கை மேலே பார்க்க.