துட்டிக்கு வந்த கூட்டம்

விக்கிரமசிங்கபுரத்துப் பெண்களில் பாதிப்பேரின் ரவிக்கை அளவு பிரம்மநாயகிக்கு மனப்பாடம். மில் குடியிருப்புக்குப் பின்தெருவில், வாடகை வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தார். பதினைந்து வயதில் ரங்கூனிலிருந்து அம்மாவோடு கப்பலேறி வந்தவர். பர்மாவை ராணுவம் பிடித்துக் கடைகண்ணிகளை எடுத்துக்கொண்டபின் அப்படி வந்த குடும்பங்கள் ஏராளம். அக்கா ஞானம்பாளை அங்கேயே கட்டிக்கொடுத்திருந்ததால் அவள் வரவில்லை. பிரம்மநாயகிக்குப் பிள்ளை இல்லை. அக்காவுக்கு மகன் பிறந்ததும், நம் ஊர்ப் பெயராக இருக்கட்டும், காந்திமதிநாதன் என்று வை என எழுதியனுப்பியது அவர்தான்.

அந்தப் பையன் 1996 டிசம்பரில் ரங்கூனில் பிடிபட்டான். கல்லூரி மாணவர்கள் சாலைச் சந்திப்பு ஒன்றில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ராணுவ அரசு தண்ணீரைப் பீய்ச்சி, தடியால் அடித்து, லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனது. பொங்கல் கழிந்து, பினாங்கிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அக்கா சொல்லிவிட்டதைச் சொன்னார்: "வெளிநாட்டில் பெயர் அடிபடுகிற பிள்ளைகளைத் தொடப் பயப்படுகிறார்களாம். பெயர் தெரியாத பிள்ளைகள் காணாமலே போய்விடுகிறார்கள். எப்படியாவது அவன் பெயரை வெளியே சொல்லு."

தில்லியில் பர்மிய அகதி மாணவர்கள் ஓர் அலுவலகம் நடத்தினார்கள். பிரம்மநாயகி அவர்களுக்கு எழுதினார். தனி ஆட்களின் மனுக்கள் இங்கே குவிந்து கிடக்கின்றன, ஊரார் கூடினார்கள் என்று பெயரோடு பத்திரிகையில் செய்தி வந்தால் அனுப்புங்கள், நார்வேயிலிருந்து நடக்கும் பர்மிய வானொலியில் வாசிக்க வைக்கிறோம் என்று பதில் வந்தது.

ஆக, கூட்டம் வேண்டும். அளவெடுக்கும்போதும் துணி கொடுக்கும்போதும் எல்லோரிடமும் கேட்டார். "வராம இருப்பனாக்கா?" என்றார்கள். தபால் நிலையத்துக்கு முன்னால் உட்கார்ந்த அன்று வந்தது பக்கத்து வீட்டு வேணி மட்டும்தான். அவளும் மில்லில் இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் எழுந்து போனாள்.

பிரம்மநாயகி விடவில்லை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமைக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கினார். அம்பாசமுத்திரத்தில் அச்சகம் வைத்திருந்த நூகு அண்ணாச்சியிடம் பையனின் படத்தைக் கொடுத்துப் போஸ்டருக்குச் சொன்னார். மேலே படமும் பெயரும், கீழே விடுதலைக் கோரிக்கை, கண்டனத்துக்கு அடையாளமாகக் கொஞ்சம் கறுப்பு. வெள்ளிக்கிழமை விடியுமுன் போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது.

காலையில் மிஷினில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது வேணி தலைவிரிகோலமாக ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எக்கா, வளந்த பிள்ளைய இப்படித் தூக்கிக் குடுத்திட்டியளே!"

"ஏட்டி, யாரைச் சொல்லுதே? யாரு செத்தா?"

பின்னாலேயே இன்னும் பல பெண்கள், சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வருகிறவர்களாக, மார்பில் அடித்துக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் தோளில் துண்டோடு வாசலில் நின்றார்கள். பந்தல்காரர் சங்கிலிபூதத்தான் தள்ளுவண்டியில் மூங்கிலும் கீற்றும் ஏற்றி வந்துவிட்டார். அவர் மெதுவாகக் கிட்டே வந்து, "பாடி பிளேன்ல வருதா தாயி, கப்பல்லயா? கப்பல்னா ரெண்டாம் வாரத்துக்கும் சேத்துப் பந்தல் போடணும்லா?" என்றார்.

பிரம்மநாயகி செருப்புக்கூடப் போடாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். சுவரில் காந்திமதிநாதன் சிரித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் தடித்த கறுப்புக் கரை. இரண்டு மூலையிலும் எரியும் குத்துவிளக்கு. விடுதலைக் கோரிக்கை கீழே பொடி எழுத்தில் இருந்தது. அதை யாரும் குனிந்து படித்திருக்கவில்லை.

மீதிப் போஸ்டரைக் கொடுக்க நூகு அண்ணாச்சியே அப்போது வந்த பஸ்ஸிலிருந்து இறங்கினார். பிரம்மநாயகி சுவரைக் காட்டினார்.

"ஒத்தை ஆளு படம்னா இந்தக் கரைதாம்மா எங்கிட்ட இருக்கு," என்றார் அவர். "கல்யாணம்னா ரெண்டு பேரு. கட்சிக்காரன்னா கும்பிட்டுக்கிட்டு நிப்பான். இந்தப் பிள்ளை சும்மா சிரிக்கான். நீயும் கறுப்புன்னே. அல்லா மேல ஆணை, நான் வேற நினைக்கலை."

பிரம்மநாயகி அந்த மூலை விளக்கை நகத்தால் சுரண்டினார். பசை ஈரமாகத்தான் இருந்தது. ஒரே இழுப்பில் கிழித்திருக்கலாம். திரும்பிப் பார்த்தார். தெரு முனைவரை ஆட்கள். போன தடவை வராத அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அவர் வீட்டு வாசலுக்குத் திரும்பி முக்காலியில் ஏறினார்.

"அவன் சாகலை. ஜெயில்ல இருக்கான். போஸ்டரு தப்பு."

அழுகை நின்றது. "நல்லவேளை, மாரியாத்தா காப்பாத்தினா," என்றாள் ஒருத்தி. இன்னொருத்திக்குக் கோபம். "என்ன கூத்துக்கா இது? துட்டின்னு லீவு போட்டுட்டு வந்திருக்கேன்." ஆட்கள் கலையத் தொடங்கினார்கள்.

"லீவு போட்டாச்சுல்லா?" பிரம்மநாயகியின் குரல் உயர்ந்தது. "துட்டி வீட்டுப் படியேறியாச்சு, இனிமே ஆத்துல முங்காம ஒருத்தரும் வீட்டுக்குள்ள போக முடியாது. செத்தவனுக்குன்னா அரைநாள் உக்காருவிய. உசுரோட இருக்கவனுக்கு உக்கார மாட்டியளா? அவன் என்ன செஞ்சான்? நடுரோட்டுல உக்காந்து பாடினான். அதுக்குப் பட்டாளத்துக்காரன் அடிச்சு அள்ளிட்டுப் போயிட்டான். நாளைக்கு நெசமாவே அழ வைக்கப்போறியளா என்னை?"

கலையத் தொடங்கியவர்கள் நின்றார்கள். முதலில் அசைந்தது சங்கிலிபூதத்தான். வண்டியைத் திருப்பினார். "பந்தலு எங்கன போடணும்? தபாலாபீசு முன்னாலயா?"

வெயில் ஏறுமுன் பந்தலுக்கடியில் இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார்.

"ஏம்மா, அனுமதி நாளைக்குல்லா?"

"நாளைக்கு இவ்வளவு பேரு வரமாட்டாங்கய்யா. இன்னைக்கு வந்திருக்காங்க."

அவர் கெட்ட மனிதரில்லை. குரலைத் தாழ்த்தினார். "போஸ்டரை நானும் பாத்தேன். துட்டிக்கு உக்காந்திருக்கோம்னு ஒரு வார்த்தை சொல்லிரும்மா. துட்டிக்கு அனுமதி தேவையில்லை. சாயந்திரம் வரைக்கும் இருங்க, நான் இந்தப் பக்கமே வரலை."

வேணி பிரம்மநாயகியின் கையைப் பிடித்து அழுத்தினாள். "சொல்லிருக்கா. வாய்வார்த்தைதான?"

பிரம்மநாயகி கையை விடுவித்துக்கொண்டார். "செத்தான்னு என் வாயால சொல்லமாட்டேன். அதைச் சொல்லும்படி ஆயிரக் கூடாதுன்னுதானய்யா இங்க உக்காந்திருக்கோம். அனுமதி இல்லைன்னா கைது பண்ணுங்க."

"பொம்பளையள மில்லுக்காரன் வேலையை விட்டு நிப்பாட்டினா எங்கிட்ட வரக்கூடாது."

அந்தப் பேச்சில் சிலர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் தாங்களாகவே போலீஸ் வேனில் ஏறினார்கள். கல்யாண மண்டபம் ஒன்றில் உட்கார வைத்தார்கள். மதியம் எலுமிச்சைச் சாதம் வந்தது. "இங்க கைது பண்ணினா சோறு போடுதான், அங்க என்ன போடுதானோ," என்றாள் வேணி. பிரம்மநாயகி பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தார்.

மாலை ஆறு மணிக்கு விடுதலை. ஏட்டு அறிக்கையை வாசித்தார். அயல்நாட்டு மாணவர் ஒருவருக்காக அனுமதியின்றிக் கூடியவர்கள் என்றிருந்தது. பத்திரிகை நிருபர் அதைப் பார்த்து எழுதிக்கொள்ள வாசலில் காத்திருந்தார். எல்லோரும் ஆற்றில் முங்கிவிட்டு வீடு சேரும் அவசரத்தில் எழுந்தார்கள். பிரம்மநாயகி எழவில்லை.

"பிள்ளை பேரை எழுதுங்கய்யா."

"மேலிடத்துக்குப் போற பேப்பரும்மா. வெளிநாட்டு விவகாரம்."

"பேரை எழுதாம எந்திரிக்க மாட்டேன்."

வேணி முணுமுணுத்துக்கொண்டே திரும்ப உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மண்டபத்துக்காரர் மறுநாள் முகூர்த்தத்துக்கு வாழைமரம் கட்ட ஆட்களோடு வந்து நின்றார். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"எழுதித் தொலையும்வே."

ஏட்டு எழுதினார். தகப்பன் பெயர், கல்லூரி, பிடிபட்ட நாள், எல்லாம். பிரம்மநாயகி ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் உள்பக்கத்தில் ஆறு வரிச் செய்தி வந்தது. தில்லிக்குப் போய், அங்கிருந்து வானொலிக்கும் போனது. சித்திரையில் அக்காவிடமிருந்து சேதி வந்தது. மூன்று மாதமாகச் சிறை வாசலிலேயே விரட்டப்பட்டவளை ஒருநாள் உள்ளே கூப்பிட்டு, இந்தியாவில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்களாம். பிறகு மகனைப் பார்க்க விட்டார்களாம். மெலிந்திருக்கிறான், இடது காது சரியாகக் கேட்கவில்லை, ஆனால் இருக்கிறான். அவனுக்கு விதித்திருந்த ஏழு வருடத் தண்டனை மட்டும் குறையவில்லை.

அந்த வாரமே பிரம்மநாயகி மறுபடி அனுமதி கேட்டுக் காவல் நிலையம் போனார். இந்த மனுவில், காந்திமதிநாதனோடு அதே லாரியில் ஏற்றப்பட்ட மற்றப் பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. அக்கா சொல்லிவிட்டிருந்தாள்.