அவள் கை மேல் விழுந்த பழி

நான் வாய் திறக்காததால் ஒரு பெண்ணுக்குப் போன வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அவள் கைக்கு ராசியில்லை என்ற பேச்சும் அவளோடு ஊருக்குப் போனது. அது பொய் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

தேயிலை விலை விழுந்து, குன்னூரைச் சுற்றிப் பல பாக்டரிகள் ஓடுவதும் நிற்பதுமாக இருந்த காலம். ஜெகதளா பக்கம் ஒரு பாக்டரியில் ஆபீஸ் என் பொறுப்பில் இருந்தது. காசு கொடுத்து மென்பொருள் வாங்க முதலாளி தயாராக இல்லை. லினக்ஸ் என்ற இயங்குதளம் இலவசம் என்று வாதாடி நானே கம்ப்யூட்டரில் போட்டேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடையைத் தட்டிப் பதிவது அவள் வேலை. கீழ் கோத்தகிரியில் தேயிலைத் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பெண். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அந்த வீட்டில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள்தான்.

காலையில் முதலில் நான் உட்காருவேன். கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு இன்னொன்றையும் சேர்த்து அழுத்தினால் படங்கள் மறைந்து வெறும் எழுத்து ஓடும் கறுப்புத் திரை வரும். அங்கே முந்தைய நாள் பதிவுகளை நகலெடுத்து, பழைய திரைக்குத் திருப்பிவிட்டு எழுந்துகொள்வேன். பிறகு அவள் உட்காருவாள். சில நாட்களில் அவள் ஓர் எழுத்தைத் தட்டியதுமே திரையிலிருந்த பதிவு மூடிக்கொள்ளும். மவுஸும் சொன்னபடி கேட்காது. என்னைக் கூப்பிடுவாள். நான் வந்து, பழக்கத்தில், மறுபடி கறுப்புத் திரைக்குப் போய்த் திரும்புவேன். எல்லாம் ஒழுங்காக ஓடும்.

"சார் உக்காந்தா ஓடுது, பாப்பா உக்காந்தா நிக்குது," என்று தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் சிரிப்பார். "ஏனுங்க பாப்பா, பாய்லர் பக்கம் மட்டும் வந்துராதீங்க. அதுவும் அணைஞ்சுருமுங்க."

முதலில் அவளும் சிரித்தாள்.

ஒரு நாள் காலையெல்லாம் தட்டியது மொத்தமும் போனது. இலை போட்டவர்கள் வாசலில் சத்தம் போட்டார்கள். மேனேஜர் என்னிடம் சொன்னார்: "எப்படியும் ஒரு ஆளைக் குறைக்கோணும்னு முதலாளி சொல்லிட்டாருங்க. ராசியில்லாத கையை வெச்சுட்டு என்ன பண்றது?"

"நான் தப்பா ஒண்ணும் அமுக்கல சார்," என்றாள் அவள், அவரிடமல்ல, என்னிடம். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியமே அவளை அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் வழக்கம்போல் நகலெடுத்துவிட்டு நானே தட்ட உட்கார்ந்தேன். முதல் எழுத்திலேயே பதிவு மூடிக்கொண்டது. திரை மாறும் அந்த நொடியில் கண்ட்ரோல் விசையிலிருந்து நான் விரலை எடுத்தது கம்ப்யூட்டருக்கு எட்டவில்லை. அது இன்னும் அழுந்தியிருப்பதாகவே எண்ணி, தட்டும் எழுத்தையெல்லாம் கட்டளையாக எடுத்துக்கொண்டது. கண்ட்ரோலை ஒரு முறை அழுத்தி விட்டேன். சரியாகிவிட்டது. அவ்வளவுதான். கோளாறை உண்டாக்கியது என் விரல். அதில் மாட்டியது அவள்.

மேனேஜர் அறை பக்கத்தில்தான். நான் எழுந்திருக்கவில்லை. சொன்னால், யார் போட்ட லினக்ஸ் என்று கேட்பார்கள். குறைக்க வேண்டிய அந்த ஒரு ஆள் நானாகிவிடுவேன்.

ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து அவளைத் தேடிப் போனேன். லயத்தில் வழி கேட்டபோது ஒரு பெண், "யாரு, அந்தக் கைராசியில்லாத அக்காவா?" என்றாள். அவள் காட்டிய வழியில் நடந்தேன்.

அவள் இலை பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். வாசலில் நின்று, அக்கம்பக்கம் கேட்க, உரக்கவே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்ப சார் தெரிஞ்சுச்சு?"

"நீ போன மறுநாள்."

"அந்த ஆபீஸ்ல என்னைய ஒரு வார்த்தை சொல்லாதவரு நீங்க ஒருத்தருதான்னு எங்கம்மாகிட்ட சொல்லுவேன் சார். அது சாகுறவரைக்கும் உங்களைக் கும்புட்டுச்சு." உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மாதம் மறுபடி போனேன். வழி காட்டிய அதே பெண் எதிரே வந்தாள். "நீங்க சொன்னதை லயத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன் சார். ஆனா அக்கா உங்களைப் பாக்க மாட்டேங்குது. இனி வரவேணாம்னு சொல்லச் சொல்லுச்சு."

அவள் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. நான் அந்தப் பக்கம் போகாமல் பஸ்ஸுக்குத் திரும்பினேன்.