வேலிக்குள் வந்த கயிறு

பாலாவிச் சந்தியில் இறங்கி, கண்டக்குழிக் கருவாட்டு முதலாளி வீடு என்று சொன்னால் போதும். எந்தத் த்ரீவீல்காரனும் விலாசம் கேட்க மாட்டான். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும்தான். அதிலும் பாதி நாள் கடற்கரையில் கழிந்தது. அப்படியிருந்தும் படகுகள், ஐஸ் அறை, கரையில் கருவாடு காயப்போடும் ஒரு வாடி, ஒரு லொறி என்று சேர்த்தேன். யாரும் தந்ததில்லை, யாரிடமும் கை நீட்டியதும் இல்லை. இதை நான் கலியாண வீட்டிலும் சொல்வேன், மையித்து வீட்டிலும் சொல்வேன். கேட்பவர்கள் எழுந்து போகப் பார்த்தால் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்வேன்.

அப்படிச் சொல்லித் திரிந்த வாயை கொரோனா முதலில் முகக்கவசம் போட்டு மூடியது, பிறகு நாட்டையே மூடியது. நாட்டில் ஏற்கெனவே கை இறுகிப் போயிருந்தது. பருப்புக்கும் மஞ்சளுக்கும் விலை ஏறிக் கிடந்தது. அதற்கு மேல் ஊரடங்கு. மீன் சந்தையில் நோய் என்று கதை பரவியதும் சனங்கள் மீனை விஷம் போலப் பார்த்தார்கள். கொழும்புக்குப் போன லொறி போன சுமையோடு திரும்பி வந்தது. பிடித்த மீனைப் பிடித்தவர்களே மணலில் குழி வெட்டிப் புதைத்தார்கள். கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்காக என் மகன் கட்டிய குடில்களில் நாய்கள் குட்டி போட்டன. பேரப்பிள்ளைகள் பாடம் கேட்க, போன் சிக்னல் தேடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கு இன்னொரு பயமும் இருந்தது. நோயில் மௌத்தானால் மையித்தை மண்ணில் அடக்க விடாமல் எரித்துவிடுவார்களோ என்ற பயம். அதை நினைத்தே பலர் காய்ச்சலை மறைத்தார்கள்.

எனக்கு மறைக்க வரவில்லை. இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும் ஆள் நான். சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்து பரிசோதித்து, வாசல் படலையில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். யாரும் உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. ஊருக்கே கருவாடு கொடுத்தவன் நான். என் கருவாடு முழுக்கக் கரையிலிருந்த வாடியில் பூட்டிக் கிடக்க, என் வீட்டுச் சட்டியில் பருப்பும் மாசித்தூளும்தான். பிறகு பருப்பும் குறைந்தது.

அப்போதுதான் என் படகோட்டி வந்து படலையில் ஒரு பையைக் கொழுவினான். தொண்ணூறில் எங்கள் ஆட்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் அவனுடையது. வேலை கொடுத்தது நான். பைக்குள் முட்டை, மா, கொஞ்சம் மரக்கறி, பிள்ளைகளுக்கு ஒரு பால்மாப் பெட்டி.

மேல் மாடியில் நின்று கத்தினேன். "டேய், முதலாளிக்கே நிவாரணமா? எடுத்துட்டுப் போடா!"

"நிவாரணம் இல்ல முதலாளி, சாப்பாடு," என்றான் அவன் கீழே நின்று.

"ரெண்டும் ஒண்டுதான். எடு!"

எடுத்துக்கொண்டு போனான். மறுநாளும் வந்தான். மறுநாளும் கத்தினேன். என் மனைவி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, வெறும் சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எண்ணெய் கொஞ்சம் இரிக்கி. உங்கட பெருமையப் பொரிச்சுத் தரட்டா?"

என் பிடிவாதத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. அது எனக்கு ஏழெட்டு வயதில் ஊன்றியது.

எழுபதுகள் அவை. அதுவும் நாடு கஷ்டத்தில் கிடந்த காலம்தான். பாண் வாங்க விடியமுதல் வரிசை, சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அரிசி கொண்டுபோனால் வழியில் பொலிஸ்காரர் பறித்துக்கொள்வார்கள். அந்த நேரம் பார்த்துக் கொலரா வந்தது. என் தம்பிக்கு வாந்தியும் பேதியுமாகி, உம்மா அவனைத் தூக்கிக்கொண்டு புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனார். வீட்டில் மிஞ்சியது வாப்பா, என் ராத்தா, நான். ராத்தா என் மூத்த சகோதரி. அன்றைக்கே அடுப்பு வேலை எல்லாம் தெரிந்த பிள்ளை. சுகாதாரத்துக்காரர் வந்து கிணற்றுக்கு மருந்து போட்டு, வேலிக்கு வெளியே கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரே எங்கள் வேலியை விட்டு விலகி நடந்தது.

வாப்பா கரைவலைக்காரர். கடலில் வளைத்துப் போட்ட வலையை, கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுக்கும் தொழில் அது. எங்கள் கரையில் ஒரு முறை இருக்கிறது. வலையில் மீன் சேரும் மடி கரைக்கு ஏறுவதற்கு முன் கயிற்றில் கை வைத்தவன் எவனாக இருந்தாலும் அவனுக்குப் பங்கு உண்டு. வழிப்போக்கன் வந்து பிடித்தாலும் ஒரு பிடி மீன் கொடுத்தேயாக வேண்டும். மடி ஏறிய பிறகு வந்தால், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் மகனுக்கும் கிடையாது. வாப்பா இந்த முறையை மார்க்கச் சட்டம் போலப் பிடித்திருந்தார். கை வைக்காமல் மீன் வாங்குவது அவருக்குக் களவுக்கு அடுத்தது.

அதனால் வேலியில் யாராவது மீன் கோர்த்த ஈர்க்கைக் கொழுவிவிட்டுப் போனால், வாப்பா அதை எடுத்து வெளிப்பக்கம் கொழுவி வைப்பார். காகம் கொண்டுபோகும். ஒரு நாள் மாமா, அதாவது உம்மாவின் தம்பி, தூரத்தில் நின்று கெஞ்சினார்.

"மச்சான், சதக்கா, தர்மம் எண்டு நினைக்காதீங்க. பிள்ளைகளுக்கு."

"எனக்குச் சதக்கா தர நான் இன்னும் மௌத்தாகல்ல," என்றார் வாப்பா.

மரவள்ளி முடிந்தது. தேங்காயைத் துருவிச் சீனியில்லாமல் தின்றோம். எனக்கு வயிற்றில் ஏதோ கிழிவது போல இருக்கும். இருந்தும் வாப்பாவைப் பார்த்து நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் காலையில் மாமா மறுபடியும் வந்தார். இந்த முறை கையில் மீன் இல்லை. தோளில் ஒரு பெரிய கயிற்று வளையம்.

"மச்சான், வலை போட்டாச்சு. தெக்குக் கயித்துக்கு ஆள் இரிக்கி, வடக்குக் கயித்துக்கு ஆள் காணாது. கொலரா எண்டு பாதிப்பேர் வரல்ல. சம்மாட்டி ஏசுறார். நீங்க வெளிய வரத் தேவல்ல. வள்ளம் கடலால கொண்டுவந்த கயிறு இது, நுனிய வேலிக்குள்ள விடுறன். உள்ள நிண்டே இழுங்க."

எங்கள் வீடு கரைக்குக் கடைசி வீடு. நடுவில் ஒரு மணல்மேடும் தாழம் புதரும்தான். மாமா கயிற்று நுனியை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடினார். கொஞ்ச நேரத்தில் கயிறு விறைத்தது. வாப்பா பிடித்தார், பின்னால் ராத்தா, கடைசியில் நான். குதியை மணலில் ஊன்றி, ஏலேலோ போட்டு இழுத்தோம். ஒரு நேரம் கயிறு அசையாது. ஒரு நேரம் எங்களையே வேலிப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பிறகு மெல்ல மெல்ல வரும். முற்றத்தில் கயிறு சுருள் சுருளாகக் குவிந்தது. என் உள்ளங்கை தோல் உரிந்து எரிந்தது. அதை நான் யாருக்கும் காட்டவில்லை.

வெயில் ஏறியதும் மாமா வந்தார். ஓலைப்பெட்டி நிறையச் சூடை மீனும் கும்பளாவும். அதோடு, ஆள் குறைவான நாளுக்குச் சம்மாட்டி கூடுதலாகத் தந்தது என்று ஒரு சுண்டு அளவு அரிசி. வாப்பா வாங்கினார். அன்றைக்குத்தான் நாங்கள் வயிறாரத் தின்றோம். தம்பி சுகமாகி உம்மாவோடு வரும்வரைக்கும் ஒவ்வொரு காலையும் கயிறு வந்தது. ஊரே பயந்து ஒளிந்திருந்தபோது வலையைக் கரைக்கு ஏற்றியது நாங்கள் மூன்று பேர் என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஐஸ் அறை கட்டினேன், லொறி வாங்கினேன். கொள்ளைநோயிலும் இழுத்துத் தின்றவன் நான் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

படலையில் தாள் ஒட்டியிருந்த அந்த நாட்களில் ராத்தா நுரைச்சோலையிலிருந்து போன் எடுப்பார். பையைத் திருப்பி அனுப்பிய கதையை அவரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். வாப்பாவின் மகன் அல்லவா, கயிறு பிடிக்காமல் தின்னுவேனா என்றேன். போனில் சிரிப்பு கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன்.

"தம்பி, நீ இன்னும் அதையா நம்பிட்டு இரிக்கிறா?"

"என்னத்த?"

"அந்தக் கயித்தில வலையே இல்லடா."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். ராத்தா சொன்னார். இரண்டாம் நாள் அவர் தண்ணீர் அள்ளும் சாட்டில் கிணற்றுக் கட்டில் ஏறி மேட்டுக்கு அந்தப்பக்கம் பார்த்திருக்கிறார். மாமாவும் இன்னும் இரண்டு பேரும் தாழம் புதர் நிழலில் இருந்தார்களாம். கயிற்றை ஒரு தென்னங்குற்றியில் சுற்றி, மாமா ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சுருட்டுக் குடித்தாராம். மற்ற இருவரும் இடைக்கிடை எழுந்து எங்களை வெட்டி இழுப்பார்களாம். வலை அந்த நேரம் ஊரின் மற்ற முனையில், வேறு ஆட்களின் கையில் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியில் வந்த மீன் கரையில் ஆட்கள் கொடுத்தது, அரிசி மாமா வீட்டுக்குக் கிடைத்த கூப்பன் அரிசி.

"கடலுக்குள்ள இருந்து வாற கயிறு நனைஞ்சுதானே வரும்? நாங்க இழுத்தது காய்ஞ்ச கயிறு. அதுதான் உன்ட கை அப்படி உரிஞ்சது."

என் வாழ்நாளெல்லாம் கரைவலைக் கயிறு பார்த்தவன் நான். நனைந்த கயிறா காய்ந்த கயிறா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த ஒரு கயிற்றை மட்டும் நான் திரும்ப எடுத்துத் தொட்டுப் பார்க்கவே இல்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மாமா வாப்பாவை ஏமாற்றிவிட்டார் என்றேன். பாவம், வாப்பா கடைசிவரைக்கும் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றேன்.

"நாலாம் வகுப்புப் படிச்ச உனக்கே ஒரு சொல்லில விளங்கிட்டு," என்றார் ராத்தா. "வாப்பாவுக்கு விளங்காமலா?"

போனை வைத்தேன். மறுநாள் படகோட்டி வந்தபோது நான் மாடிக்குப் போகவில்லை. முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். அவன் ஏச்சு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றான். பையைக் கொழுவச் சொன்னேன். அவன் தள்ளிப்போனதும் எடுத்தேன். அடுத்த தடவை பச்சை மிளகாயும் கொஞ்சம் போடு என்றேன். அவன் முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

அன்று முழுக்க எனக்கு அந்த முதல் நாள் காலைதான் நினைவில் ஓடியது. வாப்பா கயிற்றை வாங்கிக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். உடனே இழுக்கவில்லை. விரலால் கயிற்றை நெருடிப் பார்த்தார். பிறகு ராத்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பசியில் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வா மகன், பிடி. நல்லாக் கனக்குது, மீன் இரிக்கி," என்றார்.

எங்கள் மூவரில் அதிகம் சத்தமாக ஏலேலோ போட்டவரும் அவர்தான். மாமா பெட்டியோடு வந்தபோது நான் வேலிக்கு ஓடி, எட்டிப் பார்த்துவிட்டு, மூன்று பேர் இழுத்ததற்கு இது காணாது, எங்கள் பங்கைக் குறைக்கிறீர்களா என்று சண்டை பிடித்தேன். மாமா பெட்டியைக் கையில் பிடித்தபடி வாப்பாவைப் பார்த்தார். வாப்பாதான் பின்னால் வந்து, "ஓம் மச்சான், நாளைக்குக் கொஞ்சம் கூடப் போடுங்க. மகன் நல்லா இழுக்கிறான்," என்று சொல்லி என்னைத் தூக்கித் தோளில் இருத்தினார்.

தோளில் இருப்பவனுக்குத் தூக்கியவரின் முகம் தெரியாது. நானும் குனிந்து பார்க்கவில்லை. மாமாவின் பெட்டியில் இருந்த மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.