சின்னத்தாயி ஊற்றிய தண்ணீர்

என் அம்மா செண்பகம் ஆடி மாதத்தில் இறந்தாள். காரியம் முடிந்து சில நாட்களில், மாமா மகன் சுதீர் பெங்களூர் அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு வம்சாவளிப் படத்தைக் கொண்டுவந்தான். வருஷ திதிக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவன் யோசனை. உச்சியில், கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த எங்கள் கொள்ளுத்தாத்தா பெருமாள்சாமி. பக்கத்தில் அவர் மனைவிக்கான கட்டம் காலியாக இருந்தது.

"சின்னத்தாயி பேர் எங்கடா?"

"வேணாம்க்கா. அந்தக் கெழவி கதை உனக்குத் தெரியாதா? பசங்க கேட்டா இன்னான்னு சொல்றது, சூனியக்காரின்னா?"

கதை எனக்குத் தெரியும். சின்னத்தாயி சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பிரசவம் பார்த்தவள். குழந்தை நீலம் பாரித்துப் பிறந்தால் அதன் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றி, யாருக்கும் புரியாத ஏதோ ஒன்றை முணுமுணுப்பாள். குழந்தை செத்துப்போகும். விடிவதற்குள் முக்காடு போட்டுக்கொண்டு எங்கோ போய்வருவாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த அவள் நாத்தனார் பரப்பிய கதை இது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அவள் செத்துப் பல வருடம் கழித்து அம்மாவின் கல்யாணப் பந்தலிலும் "சூனியக்காரி பேத்திதானே" என்று ஒருத்தி சத்தமாகவே கேட்டாளாம். அம்மா அதை ஒரே ஒரு முறை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி என்னிடம் சொன்னாள். "எங்க ஆயா அப்படிப்பட்டவ இல்லடி. ஆனா எப்படிப்பட்டவன்னு எடுத்துச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"பிரிண்டுக்குக் குடுக்காத. நான் விசாரிச்சிட்டு சொல்றேன்" என்றேன்.

சுதீர் சிரித்தான். "இன்னாக்கா, சூனியம் வைக்கலன்னு சர்ட்டிபிகேட் வாங்கப் போறியா?"

கிட்டத்தட்ட அதைத்தான் தேடினேன். பழைய வாக்காளர் பட்டியலில் அவள் 'பெருமாள்சாமி மனைவி'. அதற்கு மேல் எந்தக் காகிதத்திலும் அவள் இல்லை.

காக்ஸ் டவுன் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் ஜெசிந்தாவிடம் ஒரு மதிய வேளையில் இதைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"மூணு தடவையா? தலையிலயா ஊத்தினாங்க?"

"அப்படித்தான் சொல்வாங்க."

"அய்யோ மைதிலி, அது சூனியம் இல்லப்பா. ஞானஸ்நானம்! கிறிஸ்தவக் குழந்தை பொழைக்காதுன்னா சாமியார் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. பக்கத்துல இருக்கிறவங்க தண்ணி ஊத்தி அந்த வார்த்தையைச் சொன்னாப் போதும். அந்தக் காலத்துல ஞானஸ்நானம் வாங்காம செத்த குழந்தைக்குக் கல்லறைக்குள்ள இடம் கிடையாது. சுவருக்கு வெளியில பொதைப்பாங்க, ஜெபம்கூடச் சொல்லாம."

"எங்க ஆளுங்க இந்துவாச்சே?"

"யார் குடுத்தாலும் செல்லும். குடுத்தவங்க பேரை மாதா கோயில் புஸ்தகத்துல எழுதுவாங்க. வா, போய்ப் பார்ப்போம்."

அந்தச் சனிக்கிழமை மாரிகுப்பம் ரயிலில் இருவரும் தங்கவயல் போனோம். அங்கே மாதா கோயிலின் பங்குச் சாமியார் எங்களைவிட வயதில் சின்னவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தானே தூக்கிவந்து வைத்தார். லத்தீனில் இருந்ததை விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். பிறகு தமிழில் சொன்னார்.

"மரண ஆபத்தில், வீட்டில், மருத்துவச்சி சின்னத்தாயி, பெருமாள்சாமியின் மனைவி, அஞ்ஞானி, கொடுத்த ஞானஸ்நானம். செல்லும்." சற்றுத் தயங்கினார். "கிறிஸ்தவங்க இல்லாதவங்களை அப்போ அஞ்ஞானின்னுதாம்மா எழுதுவாங்க. தப்பா நினைக்காதீங்க."

எனக்கு அந்தச் சொல் உறைக்கவே இல்லை. அவள் பெயர் இருந்தது. பக்கம் புரட்டப் புரட்ட அவள் வந்துகொண்டே இருந்தாள். மழைக்காலங்களில் அடிக்கடி வந்தாள். ஒரே வீட்டுக்கு இரண்டு முறை வந்தாள்.

"இதையெல்லாம் யார் சொல்லி எழுதினாங்க ஃபாதர்?"

"அவங்கதாம்மா வந்து சொல்லியிருக்கணும். இங்க பாருங்க, அப்ப இருந்த சாமியாருக்குச் சந்தேகம் வந்திருக்கு. எப்படிக் குடுத்தேன்னு சொல்லிக் காட்டச் சொல்லியிருக்கார். 'பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து எல்லாம் பிழையில்லாமல் சொன்னாள்'னு எழுதி வச்சிருக்கார். பரிசுத்த ஆவியை அப்போ அப்படித்தான் சொல்வாங்க."

விடிவதற்குள் அவள் முக்காடு போட்டுக்கொண்டு போன இடம் இதுதான். பிரசவ வீட்டிலிருந்து கைகால் கழுவிக்கொண்டு நேராக இங்கே நடந்து வந்து, முன்பின் பழகாத ஒரு வெள்ளை அங்கிக்காரர் முன்னால் நின்று, குழந்தையைச் சுவருக்கு உள்ளே புதைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜெசிந்தா பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பையன்னா சூசை, பொண்ணுன்னா மரியா இருக்கு பாரு. அம்மா மயக்கத்துல இருந்திருப்பா. இவங்களுக்குத் தெரிஞ்ச கிறிஸ்தவப் பேரே இந்த ரெண்டுதான் போல."

ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் ஒரு ராத்திரி மட்டும் உயிரோடிருந்த ஒரு பெண் குழந்தை 'செண்பகம் மரி' என்று பதிவாகியிருந்தது. அப்போது என் அம்மாவுக்கு ஒரு வயது. வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்த பேத்தியின் பெயரை எடுத்து, யாரோ பெற்ற, விடியும்வரைகூடத் தாங்காத ஒரு குழந்தைக்கு வைத்திருக்கிறாள். தாளைத் தொடப்போன கையை எடுத்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்த சாமியார் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வார்த்தைகளை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? தன் மேல் விழுந்த பழிக்கு ஏன் ஒருமுறைகூடப் பதில் சொல்லவில்லை? பதிவேட்டில் அதெல்லாம் இல்லை. சொன்னால் வீட்டில் அடுத்த பிரசவத்துக்குப் போக விடமாட்டார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. தன் சனம் தன்னிடம் தண்ணீர் வாங்க மறுத்த காலம் முழுவதும் அவள் அந்தக் குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பத்தொன்பது வருடப் பதிவுகள். இத்தனை பெரிய ஒருத்தி எங்கள் வீட்டுக்குள் இருந்தாள் என்பதை என் மனதால் இன்னும் முழுசாக வாங்கிக்கொள்ள முடியவில்லை.

வீடு திரும்பியதும் சுதீரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்போ ஆயா கிறிஸ்டியனாக்கா?"

"இல்லடா. கடைசி வரைக்கும் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தினவ."

"பின்ன எதுக்கு அவங்களுக்கு இந்த வேலை?"

"பெத்தவங்க அழுதிருப்பாங்க. கொழந்தையச் செவுத்துக்கு வெளிய போட்டுடுவாங்கன்னு."

"அத்தைக்கு இது தெரியாமலே போச்சே" என்றான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா சொன்னதை அவனிடம் சொன்னேன்.

"பேருக்குக் கீழ இன்னா போடட்டும்க்கா?"

"மருத்துவச்சின்னு போடு."

அவன் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "போட்டுட்டேன்" என்றான். ஆனால் போனை வைக்கவில்லை.

"அடுத்த வாட்டி போறப்போ என்னையும் கூப்டுக்கா. செவுத்துக்கு உள்ள இருக்கற அந்தப் பசங்கள ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்."