கழற்றக் கூடாத தொப்பி

“உம்மோட கதைக்கிறதுக்குச் சுவரோட கதைக்கலாம். மற்ற ஆக்களை ஒரு சொல்லுச் சொல்ல விடமாட்டீர்” என்றார் என் கணவர். வீட்டையும் பிள்ளையையும் பார்க்கிற உத்தியோகத்தில் இருக்கும் சகோதரிகளே, எங்களுக்கு மேலதிகாரி இல்லை; நாங்கள் சொன்னதுதான் சட்டம். சண்டை எங்கள் நாலு வயதுக் கடைக்குட்டி ஜெனியின் கம்பளித் தொப்பியைப் பற்றியது. காதுவலியும் காய்ச்சலும். காற்றுப் படக்கூடாதென்று பஞ்சு வைத்து, தொப்பி மாட்டி, படுக்கையிலும் கழற்றாதே என்றிருந்தேன்.

குடும்ப வைத்தியர்

நாங்கள் குடியேறிய டெனிஷ் ஊரான சில்க்போர்க்கில் எங்கள் வைத்தியர் காதுக்குள் பார்த்துவிட்டு, கிருமிதான், பொறுத்துப் பார்ப்போம் என்றார். எங்கள் ஊரில் என்றால் கையோடு மருந்து தந்திருப்பார்கள் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் சொன்னதை, பிள்ளைக்கு ஜாக்கெட் கொளுவிக்கொண்டு அரைக் காதால் கேட்டேன். “பெரும்பாலும் தானாக மாறும். காதுக்குப் பின்னால் வீங்கினால் மட்டும் உடனே வாருங்கள்.”

பாலர் பள்ளி

காய்ச்சல் விட்டதும் அனுப்பினேன். உள்ளே வெக்கை, தொப்பியைக் கழற்றட்டுமா என்று ஆசிரியை கேட்டாள். கைக்குழந்தைகளை வெளியே குளிருக்குள் தள்ளுவண்டிலில் படுக்க வைக்கிற உங்களுக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டு வந்தேன். மத்தியானம் தொலைபேசி. பிள்ளை அனுங்கிக்கொண்டு கிடந்ததால் கழற்றிவிட்டாளாம். “ஒரு காது முன்னுக்குத் தள்ளி நிற்கிறது. பின்னால் சிவந்து வீங்கியிருக்கிறது. காலையில் நீங்கள் பார்க்கவில்லையா?”

ஓகூஸ் ஆஸ்பத்திரி

அரிதாகத்தான் இப்படி வரும் என்றார் டாக்டர். கிருமி காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்புக்குள் இறங்கிவிட்டது; விட்டால் மூளைக்குப் போகும்; இன்றே திறந்து சீழை எடுக்க வேண்டும். எப்போதிருந்து வீக்கம் என்று கேட்டார். கொன்வென்டில் படித்த இங்கிலீசும் வரவில்லை, டெனிஷும் வரவில்லை. கட்டிலில் கிடந்த ஜெனிதான் டெனிஷில் பதில் சொன்னாள். “நேற்றே அங்கே நொந்தது. அம்மா தொப்பியில் கை வைக்காதே என்றா.”

வீடு

காது கேட்கிறது, பிள்ளை தப்பிவிட்டாள். தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. டாக்டர் ஏசவில்லை, ஆசிரியை பூங்கொத்து அனுப்பினாள், இவர் வாயே திறக்கவில்லை. மேலதிகாரி இல்லாத உத்தியோகத்தில் ஒரு குறைதான்: பிழை விட்டால் ஏசவும் ஆளில்லை.

“இஞ்சேருங்கோ, ஒருக்கா என்னை ஏசுங்கோவன்” என்றேன்.

அவர் பிள்ளைக்கு ஆப்பிள் வெட்டிக்கொண்டிருந்தார்.