கழுத்தில் தொங்கிய பெயர்

மூன்று வருஷம் கழித்து, ஓர் ஆகஸ்டில், ஆஸ்பத்திரிக் கப்பல் மகளைத் திருப்பித் தந்தது. காசநோய் போயிருந்தது. பேச்சும் பாதி போயிருந்தது. வடதுருவக் கரையில் நின்ற அம்மா உலாயுக், "வாங்கப்பா" என்றாள்.

மகளுக்கு இக்குமாக் என்று பெயர். உலாயுக்கின் அப்பா பெயர். அவர் செத்த மாதம் பிறந்ததால், பெயரோடு அவரும் வந்துவிட்டார். எட்டு வயதானாலும் அப்பா அப்பாதான். அதட்டக் கூடாது, எதற்கும் வற்புறுத்தக் கூடாது.

கடல்நாயின் ஈரலைச் சூடு ஆறுமுன் பச்சையாகவே அறுத்து நீட்டினாள். அப்பாவுக்கு அதென்றால் உயிர். சிறுமியோ கழுத்தில் தொங்கிய சிவப்பு வில்லையைக் காட்டி, தெற்கத்தி வெள்ளைக்காரப் பாஷையில் என்னவோ சொன்னாள். அரசாங்கம் எல்லார் கழுத்திலும் மாட்டிய வில்லை அது. ஓர் எண்; கூடவே 'எஸ்கிமோ'.

மொழிபெயர்க்க வந்த யோவானசி தலையைச் சொறிந்தான். "பச்சைக்கறி திங்கிறவங்கன்னு அர்த்தமாம். தெற்கே காட்டுல இருக்கிற ஜனங்க நமக்கு வெச்ச பேருன்னு நர்சம்மா சொல்லிக் குடுத்திருக்கா. இவ அப்படி இருக்க மாட்டாளாம்."

"நெசமாவா?"

"யாரு கண்டா? பனிச்செருப்பு பின்னுறவங்கன்னு ஒருத்தர் சொன்னாரு."

"நாம எங்க பின்னுறோம்? பேரு வெச்சவன் நம்ம வாசலையே மிதிச்சதில்ல போல."

உலாயுக் வேகவைத்துக் கொடுத்தாள். சிறுமி சாப்பிட்டாள். ஆனால் அந்தக் குளிர்காலம் கடல்நாய் அகப்படவில்லை. கொழுப்பில்லாமல் விளக்கு அணைந்தது. அந்த விளக்குதான் அடுப்பும்; விளக்கில்லையேல் சமையலுமில்லை. மிஞ்சியது கல்லுக்கடியில் உறைந்து கிடந்த மான்கறி மட்டுந்தான்.

"வேணாம். நான் அது இல்ல," என்றாள் சிறுமி, திக்கித் திக்கி.

பக்கத்துக் குடிலின் சீலா பொறுக்க முடியாமல் கத்தினாள். "வாயைப் பிளந்து ஊட்டுடி! சாகக் கெடக்குது!"

"உன் மாமனார் வாயைப் பிளப்பியா நீ?"



ஒவ்வொரு நாளும் கறியை மென்று, உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் உலாயுக். "ஒரே ஒரு வாய்ப்பா." கையிலேயே அது மறுபடி உறைந்தது. பதினோராம் நாள் நீட்டுவதற்கு ஆளில்லை.

வசந்தத்தில் போலீஸ்காரர் வந்து, செத்த சிறுமியின் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவள் வில்லையை வாங்கிப் போனார்.

மே மாதம் சீலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இக்குமாக் என்றே பெயர் வைத்தார்கள். உலாயுக் ஈரல் ரத்தத்தில் விரலைத் தோய்த்து அதன் உதட்டில் வைத்தாள். சப்பியது.

"இனிமே வேணாம்னு சொல்லாதீங்கப்பா," என்றாள். "அடிச்சாவது ஊட்டிருவேன்."

ஆஸ்பத்திரிக் கப்பல் வர இன்னும் மூன்று மாதம் இருந்தது.